ஹொப் பூவும் முட்டிச் சுண்ணாம்பும்

உண்பனவற்றைத் தேடிக்கொள்ளுதல் மனிதன் கற்ற முதற் கலை. தேடியவற்றைக் கெடாமற் பேணிக்கொள்ளுதல் அவன் கற்ற இரண்டாவது கலை. முன்னையதற்குக் கண்ணும் காலும் போதும். பின்னையதற்கோ வெப்பம், காற்று, காலம் என்பவற்றின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். எமது தீவகத்துப் பனங்கூடல்களில் இவ்விரண்டாவது கலை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அதனை வளர்த்தோர் யாவர் என்பதையும் இம்மலரின் வாயிலாகச் சிறிது விளக்க எண்ணினோம்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியது ஒரு கடிதம். எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று, பல்லாண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்ந்துவரும் நண்பர் ஒருவர் அதனை எழுதியிருந்தார். அவர் நெடுந்தீவிற் பிறந்தவர். ஓய்வு பெற்றபின், ஆவணி புரட்டாதி மாதங்களில், நாட்டுப்புறப் பாதையோர வேலிகளிற் படர்ந்து கிடக்கும் காட்டு ஹொப் கொடிகளைத் தேடிச் சென்று பூக்கொய்து, உலர்த்திப் பேணி, தம் வீட்டிலேயே பியர் காய்ச்சுகின்றாராம். அந்நாட்டில் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சுதற்கு 1963ஆம் ஆண்டு முதல் அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. தம் பொழுதுபோக்கை விரிவாக எழுதிய அவர், இறுதியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இரசாயன வகுப்பிற் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குத் தாம் அன்று விடை கூறாதிருந்ததை இன்னும் மறக்கவில்லை என்பதே அது. அக்கேள்வியைப் பின்னர்க் கூறுவோம். முதலில் ஹொப் என்பது யாதெனக் காண்போம்.

ஹொப் கொடி

ஹொப் என்பது குளிர் நாடுகளில் வளரும் ஒரு படர்கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையில் நெடும் பகலும், மாரியிற் கடுங்குளிரும் உள்ள நாடுகளிலேயே அது செழித்துப் பூக்கும். ஆதலால் எமது நாட்டில் அது இயல்பாக வளர்வதில்லை. நுவரெலியாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பியர் வடித்தபோதும் ஹொப் கடல் கடந்தே வந்தது. பனையைப் போலவே இக்கொடியிலும் ஆண் வேறு, பெண் வேறு. பியருக்குப் பயன்படுவது பெண்கொடியின் பூங்கதிர் மாத்திரமே. மெல்லிய செதில்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய சிறு கூம்பு போன்ற அதன் உள்ளே மஞ்சள் நிறமான பிசின்தூள் இருக்கும். பியரின் கைப்பும் மணமும் அத்தூளிலிருந்தே வருகின்றன.

கொய்யும் பருவத்தை அறிதலே முதல் வேலை. பதமாகாத கதிர் ஈரமாய்ப் பச்சை மணம் வீசும். அமுக்கினால் அமுங்கியே கிடக்கும். பருவம் வந்த கதிரோ கடதாசி போல் உலர்ந்து சலசலக்கும். அமுக்கி விட்டால் மீண்டெழும். பிரித்தால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். பருவம் கடந்தால் செதில்கள் பழுப்பேறி மணமும் கெடும். கொய்த கதிரில் ஐந்தில் நான்கு பங்களவு நீரே இருப்பதால், அதனை உடனே உலர்த்தாவிடின் ஓரிரு நாளிற் பூஞ்சணம் பற்றிவிடும். வெயில் படாத இடத்தில், வலைத்தட்டிற் பரப்பி, இளஞ்சூடான காற்றோட்டத்தில் உலர்த்துவர். நடுக்காம்பு வளையாது முறியுமாயின் உலர்ந்துவிட்டதென்பது குறி. பின்னர்க் காற்றுப் புகாவண்ணம் அமுக்கிக் கட்டிக் குளிரில் வைப்பர். காற்று, வெளிச்சம், வெப்பம் ஆகிய மூன்றும் அப்பிசினுக்குப் பகை.

இத்துணைப் பாடும் எதற்காக? சுவைக்காக மாத்திரமன்று. முளைவித்த வாற்கோதுமையை ஊறவைத்து எடுத்த இனிய சாற்றுடன் ஹொப்பைச் சேர்த்து ஒரு மணி நேரமளவு கொதிக்கவைக்கும்போது அதன் கைப்பமிலங்கள் சாற்றிற் கரைகின்றன. அவை, புளிப்பேற்றும் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களைப் பெரிதும் தடுப்பன, மதுவத்தையோ தடுப்பதில்லை. எனவே சாறு நொதித்துப் பியராகும், புளித்துக் கெடாது. பவேரியாவில் 1516இல் இயற்றப்பட்ட சட்டம், பியரில் வாற்கோதுமை, ஹொப், நீர் என்பன அன்றி வேறெதுவும் சேர்த்தலாகாதென விதித்தது. மதுவத்தை அது குறிப்பிடவில்லை. அக்காலத்து அறிஞர் அதனை அறியார். நொதித்தல் உயிர்களின் தொழில் என்பதைப் பாஸ்டர் நிலைநாட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். பியரைப் பற்றிய அவரது ஆய்வுநூல் 1876இல் வெளிவந்தது.

பனையின் சாறு

இனி எமது தீவகத்துக்கு வருவோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எனத் தொடரும் இத்தீவுகளிற் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லும் மணலுமே நிலம். நன்னீர் அரிது. நெற்செய்கைக்கு மாரி மழையை நம்பியிருத்தல் வேண்டும். இந்நிலத்தில் நீர் வார்ப்பாரும் உரமிடுவாரும் இன்றி நின்று, தலைமுறை தலைமுறையாகச் சோறும் பாயும் கூரையும் வேலியும் தந்த மரம் பனை. விழுந்த விதை முளைத்து வடலியாகிப் பாளை தள்ளுதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். அதுவரை அஃது ஆணோ பெண்ணோ என அறிவார் இலர். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்னும் பழமொழி இதுபற்றி எழுந்ததே.

ஹொப்பிற் பெண்கொடி ஒன்றே பயன்படும். பனையிலோ ஆண், பெண் இரண்டும் சாறு தரும். பாளையைக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டியும் நசுக்கியும், நுனியை மெல்லியதாகச் சீவிவந்தால், சில நாளிற் சாறு சொட்டத் தொடங்கும். சீவிய முகம் காய்ந்து அடைபடாதவாறு நாளொன்றுக்கு இருமுறை மரமேறிப் புதிதாகச் சீவுதல் வேண்டும். தட்டு மிகுந்தாற் பாளை வெடித்துக் கெடும். குறைந்தாற் சாறு இறங்காது. சீவல் தடித்தாற் பாளை விரைவில் முடிந்துபோம். இவ்வளவுகளெல்லாம் கையிலன்றி ஏட்டில் இருப்பவையல்ல.

இறங்கும் சாறு தெளிந்தது, இனியது. அதில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்களவு சுக்குரோசு வெல்லம் உண்டு. அமிலமும் காரமும் மிகாத நடுநிலை உடையது. இத்தகைய இனிய நீர், வெப்ப நாட்டிற் காற்றில் திறந்து கிடந்தால் யாது நேரும்? காற்றிலும், பாளையின் முகத்திலும், முந்திய நாள் முட்டியின் மண்சுவரிலும் தங்கியுள்ள மதுவமும் பற்றீரியாக்களும் அதனை உடனே பற்றிக்கொள்ளும். வாற்கோதுமைச் சாற்றுக்கு மதுவத்தைத் தேடி இடல் வேண்டும். பனஞ்சாற்றுக்கோ அது தானாகவே வந்து சேரும். சாறு முட்டியில் விழுந்த சிறுபொழுதிலேயே நொதித்தல் தொடங்கி, நுரைத்து, சில மணி நேரத்திற் கள்ளாகும். மேலும் வைத்தாற் புளிக்கும். நாள்கள் செல்ல, அற்ககோல் அசற்றிக்கமிலமாக மாறி வினாகிரியாகும். எமது அன்னையர் அப்பமாவைப் புளிக்கவைக்கச் சிறிது கள் வாங்கி வார்த்ததும் இம்மதுவத்தின் பொருட்டே.

சாறு இனிமையாகவே இருத்தல் வேண்டுமாயின், நொதித்தலை அது தொடங்குமுன்னரே தடுத்தல் வேண்டும். அதற்கு எம்மவர் கண்ட வழி, முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுதல். அவ்வாறு பெற்ற சாறே பதநீர் எனவும் கருப்பநீர் எனவும் வழங்கும்; பேச்சு வழக்கில் கருப்பணி என்பர்.

வகுப்பறையில் ஒரு கேள்வி

நாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில், ஒரு நாள், எமது இரசாயன ஆசிரியர் அமிலமும் காரமும் பற்றிய பாடத்தை நடத்துகையில், “கருப்பநீர் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது ஏன்? பூசாவிடின் யாது நேரும்? கூடிப்போனால் யாது நேரும்?” என வினவினார். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எம்முள் நாள்தோறும் காலையிற் கருப்பநீர் அருந்தியோர் பலர் இருந்தனர். ஆயினும் விடை தெரியாது. விடை தெரிந்தவர் ஒருவர் கடைசி வாங்கில் இருந்தார். அவர் தந்தையார் நெடுந்தீவிற் சீவல் தொழில் புரிபவர். அத்தொழிலையும் அதனைச் செய்வோரையும் எள்ளிப் பேசுதல் அந்நாளில் எம்மவரிடையே சாதாரணமாயிருந்தது. வகுப்பு மாணவராகிய நாமும் அவ்வாறு பேசியதுண்டு. விடை கூறினால், அஃது எவ்வாறு தெரியும் என்னும் அடுத்த கேள்வி வருமன்றோ? ஆதலின் அவர் வாளாவிருந்தார். ஆசிரியரே விடையைக் கூறி முடித்தார். இஃது எவர்மீதும் சுமத்தும் குற்றமன்று. எம்மீது நாமே சுமத்திக்கொள்ளும் குற்றமாகும்.

பின்னொரு விடுமுறையில், எம்மிற் சிலர் அந்நண்பருடன் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தோம். பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்களும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து மேய்ந்து திரியும் குதிரைகளும் எமக்குப் புதுமையாயிருந்தன. அதனினும் புதுமை, பொழுது புலருமுன் அவர் தந்தையார் தளைநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியையும் முட்டியையும் இடையிற் செருகி, மரத்துக்கு மரம் ஏறி இறங்கிய காட்சி. கீழே நின்ற நாம் அவரை என்ன முறை சொல்லி அழைப்பதெனத் தடுமாறினோம். எமது வீடுகளில் அத்தொழிலாளரை, வயதில் எத்துணை மூத்தவராயினும், பெயர் சொல்லியே அழைக்கும் வழக்கம் இருந்தது. நண்பர் “அப்பு” என அழைத்தார். நாமும் அப்படியே அழைத்தோம்.

நாம் அவரிடம் ஆசிரியரின் கேள்வியைக் கேட்டோம். அவர் முட்டியொன்றைக் கவிழ்த்துக் காட்டி, “தம்பிமார், சுண்ணாம்பு குறைஞ்சால் மத்தியானத்துக்குள்ளை புளிச்சுப்போம். கூடினால் வாய் வேகும், கட்டியும் கறுத்துப்போம். மழைக்குணம் எண்டால் ஒரு பூச்சு, வெயில் எண்டால் இன்னொரு பூச்சு” என்றார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய விடையோடு ஒப்பிட்டால், இதில் ஒரு செய்தி கூடுதலாக இருந்தது. நாளின் வெப்பத்துக்கேற்பச் சுண்ணாம்பின் அளவு மாறும் என்பதை எமது பாடநூல் கூறியிருக்கவில்லை.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இனி அதன் காரணத்தைக் காண்போம். நீறிய சுண்ணாம்பு வலிய காரம். சாறு சொட்டச் சொட்ட அது கரைந்து, சாற்றின் காரத்தன்மையை உயர்த்துகின்றது. பீஎச் அளவில், ஏறத்தாழ ஏழாக இருந்த சாறு பத்துக்கு மேற் செல்லும். அந்நிலையில் மதுவமும் பற்றீரியாக்களும் பெருகமாட்டா. சுக்குரோசைப் பிளந்து குளுக்கோசும் புறக்டோசும் ஆக்கும் நொதியமும் தொழிற்படாது. சுக்குரோசு பிளவுபடாது இருந்தாலன்றிப் பனங்கட்டி இறுகாது, கற்கண்டும் விளையாது. நாள் வெப்பமாயின் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும்; ஆதலின் பூச்சும் தடித்திருத்தல் வேண்டும். முதியவர் கூறியது முற்றும் இரசாயனமே.

ஹொப்புக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலனாகும். ஹொப், மதுவத்தை உள்ளே விட்டுப் புளிப்பேற்றும் பற்றீரியாவைத் தடுக்கும் வாயிற்காவலன். சுண்ணாம்போ எல்லார்க்கும் கதவடைப்பது. முன்னையது மதுவைப் பேணும். பின்னையது மதுவாகாமலே பேணும். எமது நாட்டின் தென்பகுதியில் தென்னஞ்சாற்றைப் புளிக்காது காக்க, ஈரவலயக் காடுகளில் வளரும் ஹல் என்னும் மரத்தின் பட்டைத் துண்டுகளை முட்டியில் இடும் வழக்கம் உண்டு. காட்டிலிருந்து தேடிக் கொணர்ந்த ஒரு தாவரப் பொருளால் சாற்றைப் பேணுவதில், ஹொப்புக்கு அதுவே எமது நாட்டிற் கிட்டிய உறவு. ஹல் மரம் வளராத தீவகத்திலோ, கடலே மருந்தைத் தந்தது. சங்கும் சிப்பியும் பவளக்கல்லும் சுட்டாற் சுண்ணாம்பு.

முட்டியிலிருந்து இறக்கிய கருப்பநீர் நெடுநேரம் நில்லாது. ஆறவிட்டு, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் தெளிவை இறுத்துத் துணியில் வடித்துக் காய்ச்சுவர். மிஞ்சிய சுண்ணாம்பு கட்டியைக் கறுக்கவும் கசக்கவும் செய்யுமாதலால், தொழிற்சாலைகளில் பொசுபேற்றுச் சேர்த்து அதனை வீழ்படியச் செய்து நீக்குவர். பொங்கும்போது சிறிது எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பாகை ஒரு துளி தண்ணீரில் விட்டுப் பார்க்க, அது கரையாது உருண்டு நின்றாற் பதம். உடனே இறக்கித் துழாவி, பனையோலையால் இழைத்த குட்டான்களில் வார்ப்பர். பத்துப் போத்தற் கருப்பநீருக்கு ஒரு போத்தல் நிறையளவுக்குச் சற்று மேலாகவே கட்டி தேறும், எஞ்சியதெல்லாம் ஆவி. ஓலைக்குட்டானில் அடுப்பங்கரைப் பரணிற் புகைபடத் தூங்கும் பனங்கட்டி, மாரி முழுவதும் கெடாது இருக்கும். ஆடிப்பிறப்புக் கூழுக்கு அதுவே இனிமை. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலிற் காயவைத்த பனாட்டு, அப்பனாட்டைக் காய்ச்சிய பாணியில் ஊறவைத்த பாணிப்பனாட்டு, கிழங்கைப் பிளந்துலர்த்திய ஒடியல், அவித்துலர்த்திய புழுக்கொடியல் ஆகிய யாவும் இதே கலையின் கிளைகள். வெயில், புகை, பாகு, சுண்ணாம்பு என்னும் நான்கைக் கொண்டு ஒரு மரத்தின் விளைவை ஓராண்டு முழுவதற்கும் பேணியோர் எம் முன்னோர்.

சட்டமும் தொழிலாளரும்

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. முட்டியிற் சுண்ணாம்பு உண்டாயின் உணவு, இல்லையாயின் மது. இச்சிறு வேற்றுமையே சட்டத்துக்கும் பொருளாயிற்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கலால் கட்டளைச் சட்டத்தின் கீழ், கள் இறக்குதல் அரசின் அனுமதிக்குட்பட்டது. மதுவிலக்கை நாடியோர் கருப்பநீரை ஊக்குவித்தனர். நாமும் மதுவைப் போற்ற வந்தோமல்லேம். ஆயினும் கருப்பநீரை விரும்பியோரும் கள்ளை வெறுத்தோரும் ஒருங்கே மறந்தது மரமேறிய மனிதனை. மார்பு தேய, காலிற் காப்பேற, ஒரு கணத் தவறுக்கு உயிரையே விலையாக வைத்து ஏறிய அவனுக்கு, அவன் இறக்கிய கருப்பநீரை அருந்திய வீட்டின் திண்ணையில் இடமில்லை, கிணற்றில் உரிமையில்லை. அவன் பிள்ளைக்குக் கல்விச்சாலை வாயில் திறந்ததும் நெடும் போராட்டத்தின் பின்னரேயாம்.

1970களின் தொடக்கத்தில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, அவர்தம் உழைப்புக்குச் சீரான விலை கிடைக்க வழிகோலின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. பின்னர் வந்த போரில், வடக்கின் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக ஆயிரக்கணக்கில் வெட்டுண்டன. 1990 முதல் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். மரம் மீண்டும் முளைக்கும். அதற்கு இருபது ஆண்டு போதும். மரத்தை அறிந்த கை அவ்வாறு தானாக முளைப்பதில்லை. தந்தையின் தொழிலை இழிவென ஊரார் கூறக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதனை விட்டு விலகினால், அவனை நோகலாமா? இழிவென்று கூறியவர் நாமன்றோ?

இன்று செய்யத்தக்கது

ஐரோப்பியர் தம் வேலியோரக் கொடியை எப்போது கொய்வது, எவ்வாறு உலர்த்துவது, எத்தனை பாகை வெப்பத்தில் வைப்பது என்பவற்றையெல்லாம் நூல்களாக எழுதி வைத்தனர். ஆதலால் நெடுந்தீவிற் பிறந்த ஒருவர் அங்கு சென்று, நூலைப் பார்த்தே அத்தொழிலைக் கற்க முடிகின்றது. எமது பனையைப் பற்றியும் நூல்கள் உண்டு. வில்லியம் பேகுசன் 1850இலேயே பனையின் பயன்களை ஆங்கிலத்தில் விரித்தெழுதினார். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் தால விலாசம் பாடினார். எனினும் மரமேறுவோனின் வாய்மொழி, அதாவது எந்தக் காற்றுக்கு எத்தனை பூச்சு, எந்தப் பாளைக்கு எத்தனை தட்டு என்னும் நுட்பம், போதியவாறு எழுத்தில் ஏறவில்லை. அந்நுட்பம் அறிந்தோர் முதுமையுற்று வருகின்றனர்.

ஆதலின் பழைய மாணவராகிய நாம் இரண்டு செயல்களை முன்வைக்கின்றோம். ஒன்று, தத்தம் ஊரில் எஞ்சியுள்ள மூத்த சீவல் தொழிலாளரை, வீட்டுக்குச் சென்று, உரிய முறை சொல்லி அழைத்து, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே பதிந்து கல்லூரி நூலகத்திற் சேர்ப்பித்தல். மற்றொன்று, இரசாயனக் கூடத்தில் மாணவர் தாமே இச்சோதனையைச் செய்து காணுதல்: அன்று காலையில் இறக்கிய கருப்பநீரில் நான்கு மாதிரிகள் எடுத்து, நேரத்துக்கு நேரம் பாசிச்சாயத் தாளாற் பார்த்து, வெப்பத்துக்கும் சுண்ணாம்பின் அளவுக்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தல். இதற்குப் பெருஞ்செலவில்லை. அச்சோதனையை நடத்தும் நாளில், மரத்தில் ஏறி அதனை இறக்கியவரையும் அழைத்து, ஆசிரியரின் பக்கத்தில் ஓர் ஆசனமிட்டு இருத்துதல் வேண்டும்.

நண்பரின் கடிதத்துக்கு நாம் விடை எழுதியுள்ளோம். அவர் அன்று வகுப்பிற் கூறாத விடையை இப்போது விரிவாக எழுதி அனுப்புமாறும், அதனை அவர் தந்தையாரின் பெயரால் கல்லூரி நூலகத்தில் வைக்க விரும்புகின்றோம் என்றும் கேட்டிருக்கின்றோம். அவர் எழுதுவார் என நம்புகின்றோம். கடைசி வாங்கில் இன்றும் விடை தெரிந்து வாளாவிருக்கும் மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவன் எழுந்து நின்று கூறட்டும். கேட்க நாம் இருக்கின்றோம்.